இரண்டு மரை இறுக்கம்

மாமா,

கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது. மண்ணெண்ணெய் நாற்றம் போய்விட்டது. அதற்கு அடியில் இருப்பது போகவில்லை. வால்வு தேய்க்கிற பேஸ்ட்டின் வாசம் உனக்குத் தெரியும். கிரீஸும் நறநறவென்ற பொடியும் இரும்போடு உரசிச் சூடாகும்போது வருமே, அது நகக்கண்ணில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மத்தியானம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் முதலில் அதுதான் வந்தது. தட்டை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க வீட்டில் ஆளில்லை. என் வீட்டுக்காரி பேரனைப் பார்த்துக்கொள்ளக் கோயம்புத்தூர் போய் மூன்று மாதமாகிறது.

நீ போய் ஐந்து மாதம் முடியப் போகிறது. உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரே ஊரில் இருந்துகொண்டு, தினம் ஒரு வேளையாவது சேர்ந்து டீ குடித்துக்கொண்டு, எதற்குக் கடிதம்? நேரில் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லாமல் விட்டவன்தான் இப்படித் தனியாக உட்கார்ந்து எழுதுகிறான்.

பிரித்து வேலை பார்த்தது உன் அத்தாவின் வண்டியை. வண்டிப்பெரியாறு எஸ்டேட்டிலிருந்து சீமைக்குக் கப்பலேறிய துரையிடம் அவர் வாங்கிய அந்த ஒற்றைச் சிலிண்டர் பைக். எத்தனையோ பேர் கேட்டும் அவர் கொடுக்கவில்லை, அவருக்குப் பிறகு மகன் நீயும் கொடுக்கவில்லை. உன் முழங்கால் அடியோடு மக்கர் பண்ணிய பிறகு மூன்று வருடமாக உன் வீட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. உனக்காக வீட்டோடு இருந்த நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்த கையோடு உன் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணே, வண்டிய ஓடுற மாதிரி ஆக்கிக் குடுங்க. கொழுந்தனுக்குச் சொல்லி விட்டிருக்கேன், வாரேன்னு சொன்னாக. அவுக அத்தா வண்டி, இனிமே அவுககிட்டதான் இருக்கணும்."

அவருக்கு எதுவும் தெரியாது. உனக்கும் தெரியாமலே போய்விட்டது. நீயும் உன் தம்பியும் பேச்சை நிறுத்திப் பன்னிரண்டு வருடம். அந்த வண்டியின் வால்வை அவன் கெடுத்தான், கெடுத்துவிட்டு இல்லை என்று பொய் சொன்னான் என்பதுதான் உன் குறை. அவன் கெடுக்கவில்லை மாமா. நான் கெடுத்தேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் சுற்றி வளைப்பு.

தொண்ணூற்றெட்டில் நீ வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் சரிவில் சறுக்கி விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டாய். மாவுக்கட்டுப் பிரித்த அன்றைக்கு நீ முதலில் விசாரித்தது காலை அல்ல, வண்டியை. மறுநாளே தத்தித் தத்தி வந்து அதை உதைக்க ஆரம்பித்தாய். அந்த வண்டியை உதைத்துக் கிளப்புவது நல்ல காலுக்கே தண்டனை. உள்ளே அடைபட்ட காற்று அப்படி எதிர்த்துத் தள்ளும். அதற்காகத்தான் இடது கைப்பிடியில் ஒரு குட்டி லீவர் வைத்திருக்கிறான். நாம் லிஃப்டர் என்போம். அதைப் பிடித்தால் ஒரு கம்பி இழுத்து, புகை வெளியே போகிற வால்வை மயிரிழை தூக்கும். காற்று கொஞ்சம் கசிந்து உதை இலேசாக இறங்கும். லீவரை விட்டதும் வால்வு தன் இடத்தில் முழுசாக உட்கார்ந்துவிட வேண்டும். உட்காரவில்லை என்றால் நெருப்பு அந்த இடுக்கு வழியாகவே போய்ப் போய் வால்வின் ஓரத்தைத் தின்றுவிடும்.

நீ லீவரைப் பிடித்துக்கொண்டு உதைப்பதும், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சமாளிப்பதும், மறுபடி உதைப்பதுமாக இருந்ததை நான்கு நாள் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் நாள் நீ ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம், ஸ்பேனரை எடுத்து லிஃப்டர் கம்பியின் திருகை இரண்டு மரை இறுக்கி வைத்தேன். அதாவது, லீவரைத் தொடாமலே வால்வு எப்போதும் இம்மியளவு தூக்கியபடி நிற்கும்படி. தெரியாமல் செய்ததில்லை. ரொம்ப நாள் விட்டால் கருகும் என்று நன்றாகத் தெரியும். உன் கால் தேறுகிறவரை பத்து நாள் இருக்கட்டும், பிறகு நானே தளர்த்திவிடுவேன் என்று நினைத்தேன். பிறகு மறந்துபோனேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, சுத்தமாக மறந்துபோனேன்.

நீ வந்து உதைத்தாய். இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது. "மாப்ள, வண்டி என் காலப் பாத்து எரக்கப்படுதுடா" என்றாய். நான் பெரிய வித்தைக்காரன் மாதிரி துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். லோயர் கேம்ப் மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை பார்க்கிறவன் என்பதற்காக நீதான் எனக்கு டாக்டர் பட்டம் கட்டினாய். கம்பம் டீக்கடைகளில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எந்த எஞ்சினையும் என் மாப்ள காதால் கேட்டே சொல்லிவிடுவான் என்று நீ பரப்பியதில், கேட்காத சத்தமெல்லாம் கேட்டதுபோல் நானும் தலையாட்டப் பழகியிருந்தேன். அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்.

இரண்டு மாதம் போயிருக்கும். உன் தம்பி ஒரு சிநேகிதன் கல்யாணத்துக்கு ஆண்டிபட்டி போக வண்டியை எடுத்துப்போனான். திரும்பிக் கொண்டுவந்து விட்ட மறுநாள் நீ மலைக்குக் கிளம்பினாய். லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கிய இடத்தில் இழுவை போய்விட்டது. சைலன்சர் படபடவென்று வெடித்திருக்கிறது. இறங்கி வந்த ஜீப் ஒன்றின் பின்னால் ஏற்றி உன் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கி, எனக்கு ஆள் அனுப்பினாய். உன் வீட்டு முற்றத்தில் வைத்தே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். வால்வு கையோடு வந்தது. எலி கடித்த வடை மாதிரி ஓரத்தில் ஒரு துண்டைக் காணோம்.

நீ அதை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, தம்பியைக் கூப்பிட உள்ளே போனாய். அப்போதுதான் என் கண் லிஃப்டர் கம்பிக்குப் போனது. நான் இறுக்கி வைத்த இரண்டு மரையும் அப்படியே இருந்தது. முற்றத்தில் யாருமில்லை. கூண்டில் உங்கள் வீட்டுப் புறா மட்டும் முனகிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் ஏற்கெனவே கையில் இருந்தது. இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டேன். கால் நிமிஷ வேலை.

நீ தம்பியோடு வந்தாய். ரோட்டோரத்தில் பாட்டிலில் வைத்து விற்கிற பெட்ரோலை ஊற்றினாயா என்று கேட்டாய். அவன் இல்லை என்றான், தேனியில் பங்க்கில்தான் போட்டதாகச் சொன்னான். நீ வால்வை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"மாப்ள, நீ சொல்லு. மண்ணெண்ண கலந்தத ஊத்துனா வால்வு இப்பிடித்தான போகும்?"

அவனும் என்னைத்தான் பார்த்தான். "மச்சான், நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றான். அவன் குரலில் பயமே இல்லை. நான் பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று நம்பினான், பாவம்.

"அப்படியும் இருக்கலாம் மாமா" என்றேன்.

பொய் இல்லை. கலப்படப் பெட்ரோலிலும் வால்வு கருகத்தான் செய்யும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவான். ஆனால் அந்த முற்றத்தில், அந்த நிமிஷத்தில், நான் அதைவிடப் பெரிய பொய் ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. வண்டி போனால் சாரமில்லை, பொய் மட்டும் பேசாதே என்று நீ அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாய். மலைக்குப் போய்ப் போய் ஒட்டிக்கொண்ட, பரவாயில்லை என்கிற அந்த மலையாளச் 'சாரமில்ல'வைக் கோபத்தில் நீ சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அல்லா மேல் ஆணையிடு என்றாய். "என் பேச்சே பத்தலன்னா ஆணை எதுக்குண்ணே" என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அடுத்த வாரம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன். அண்ணன் தம்பி சண்டை எத்தனை நாளைக்கு? சரியாகவில்லை என்றானதும், அவன் அப்படிச் செய்கிற பையன் இல்லையே மாமா என்று ஒரு தடவை மெதுவாக எடுத்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "இது எங்க அண்ணன் தம்பி சண்ட. நீ குறுக்க வராத மாப்ள." உங்கள் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் தாத்தா காலத்திலிருந்து மாமன் மாப்பிள்ளை முறை. என்னோடு வேலை பார்த்த சென்னைக்காரர் ஒருவர், நீங்கள் ராவுத்தர், இவர் எப்படி உங்களுக்கு மாப்பிள்ளை என்று கேட்டபோது நீ, "பொண்ணு குடுக்கல, எடுக்கல. மத்த எல்லாம் குடுத்து எடுத்தாச்சு" என்றாய். அந்த முறைக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. பங்காளிகள் வழக்கில் சம்பந்தக்காரன் வாய் வைக்கக் கூடாது. எனக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. வேண்டாத விருந்தாளி வந்தால் கதவைச் சாத்திக்கொள்வதுபோல் அந்த வாக்கியத்தைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வண்டிக்கு வால்வு எங்கேயும் கிடைக்காது. தேனியில் லேத் பட்டறைக்காரர் ஒரு ஜீப் வால்வை எடுத்து அளவுக்குக் கடைந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேய்த்தோம். ஹெட்டை நீ மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாய். நான் வால்வின் தலையில் ரப்பர் குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மத்துக் கடைவதுபோல உருட்டினேன். முதலில் கரகரவென்று கேட்கும். பொடி தேயத் தேயச் சத்தம் மெலிந்துகொண்டே போய் வழுவழுவென்று ஆகும். அப்போது எடுத்துத் துடைத்துப் பார்த்தால் ஓரம் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் நிற வளையம் விழுந்திருக்க வேண்டும். விழாவிட்டால் மறுபடி பேஸ்ட், மறுபடி உருட்டல். மூன்றாவது தடவை பேஸ்ட் தடவும்போது நீ தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்.

"பொய் சொன்னதுகூடப் பெருசில்ல மாப்ள. எங்கிட்டப் போய்ப் பொய் சொல்லணும்னு அவனுக்குத் தோணுச்சு பாரு, அங்கனதான் வலிக்குது."

நான் குச்சியை நிறுத்தினேன். சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். எதிரெதிராக, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தோம். "ரப்பர் நழுவுது மாமா" என்று சொல்லிவிட்டு எச்சில் தொட்டு மறுபடி ஒட்டினேன்.

அதற்கப்புறம் வருடங்கள் ஓடின. எனக்குத் தெரியாது என்று நினைத்து நீ செய்த சிலதை நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருப்போம். திருப்பூர் பஸ் வந்து நிற்கும். உன் பேச்சு நிற்காது, கண் மட்டும் படிக்கட்டுக்குப் போகும். கடைசி ஆள் இறங்கியதும் திரும்பி வரும். உன் மகள் நிக்காஹ்வுக்கு அவன் வந்தான். பிள்ளைக்கு வைக்க வேண்டியதை வைத்துவிட்டு விருந்தில் உட்காராமல் போய்விட்டான். அன்றைக்கு நீ பிரியாணி சட்டி பக்கமே வரவில்லை. ஒரு தடவை லோயர் கேம்ப்பில் கால்வாய்க் கரையில் உட்கார்ந்திருந்தபோது, எப்படியோ வாயைத் திறந்து, "மாமா, அந்த வால்வு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். "அத விடு மாப்ள" என்றாய். நான் விட்டுவிட்டேன். எவ்வளவு சந்தோஷமாக விட்டேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

பெருநாள் முடிந்த எட்டாம் நாள் நீ போய்விட்டாய். தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார்கள். உன் தம்பி பஸ் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. மையவாடியில் ஈரம் காயாத மண் பக்கத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். கிட்டே போய் ஒரு வார்த்தை பேசக் கால் வரவில்லை.

போன வாரம் முழுக்க வண்டி வேலைதான். ஹெட்டைக் கழற்றினால், நாம் போட்ட அதே ஜீப் வால்வு. மூன்று வருடம் ஈரம் குடித்து, உட்கார்கிற இடமெல்லாம் துருப்பிடித்துப் பொடிப்பொடிக் குழியாகக் கிடந்தது. தேனிக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் லேத்தில் வால்வின் முகத்தைச் சீவிக்கொண்டு வந்தேன். பிறகு வாசலில் உட்கார்ந்தேன். தனியாகத் தேய்ப்பது எப்படி என்று அப்போதுதான் தெரிந்தது. தெரியவில்லை என்பது தெரிந்தது. ஹெட்டை இரண்டு பாதத்துக்கும் நடுவில் கவ்விக்கொண்டு உருட்டினால், குச்சி சுற்றுகிற பக்கம் ஹெட்டும் கூடவே சுற்றுகிறது. "நல்லாப் பிடி மாமா" என்று இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று ஒரு மாதிரி பார்த்தார். கடைசியில் ஒரு கோணிச்சாக்கில் மண்ணை நிரப்பி, அதில் ஹெட்டைப் புதைத்து வைத்துத் தேய்த்தேன். உன் மடிக்குப் பதில் ஒரு மூட்டை மண். நீ கேட்டால் கோபித்துக்கொள்வாய்.

இரண்டு பேர் ஒரு காலையில் முடித்த வேலைக்கு மூன்று நாள் ஆனது. வால்வைப் பூட்டி, மேல் பக்கத் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, கீழே கசிகிறதா என்று அடியில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு தடவை கசிந்தது. மூன்றாவது தடவை காகிதம் காய்ந்தே இருந்தது. பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன், காட்டுவதற்கு யாருமில்லை. லிஃப்டர் கம்பியை மாட்டினேன். தாராளமாகத் தளர்த்தி வைத்துவிட்டு, நட்டை இறுக்கி, இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

இன்றைக்குக் காலையில் உன் தம்பி என் வீட்டுக்கு வந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருக்கிறது. வண்டியைத் துடைத்து நிறுத்தி வைத்திருந்தேன். அவன் அதைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முன்னுரை எதுவும் வாயில் வரவில்லை. அந்த வால்வு ஒன்னால போகல மாப்ள, நான்தான் கம்பிய இறுக்கி வச்சிருந்தேன், ஒங்க அண்ணன் உள்ள போன நேரத்துல தளத்திட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வாசல்படியில் உட்கார்ந்து சீட்டைக் கையால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு பேசினான்.

"நோம்புல ஒருநா அண்ணன் போன் பண்ணுச்சு மச்சான். மொதல்ல கொரலே எனக்கு அடையாளம் தெரியல. 'ஒன்னய மன்னிச்சிட்டேன்டா, பெருநாளைக்கு வா'ன்னுச்சு. 'எதுக்குண்ணே மன்னிச்ச?'ன்னு கேட்டேன். 'வண்டிக்குத்தான்'னுச்சு. செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கிக்கிட்டு வந்து ஒக்காந்து சோறு திங்கவான்னு போன வச்சிட்டேன். நானாத் திரும்பக் கூப்புட்டிருக்கலாம். நாளைக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன்."

இந்தப் போன் விஷயத்தை நீ என்னிடம் சொல்லவே இல்லை மாமா. எல்லாவற்றையும் சொல்லுகிற ஆள் நீ. இதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். அவன் வரட்டும், கூட்டிக்கொண்டுவந்து எனக்கு முன்னால் நிறுத்தலாம் என்று வைத்திருந்தாயோ என்னவோ.

பிறகு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அன்னைக்கே சொல்லியிருந்தா அண்ணன் ஒங்கள என்ன மச்சான் பண்ணியிருக்கும்?"

"சிரிச்சிருப்பாக" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். எழுந்து, லீவரைப் பிடித்து, இரண்டு உதை உதைத்தான். கிளம்பிவிட்டது. சத்தம் சுத்தமாக இருந்தது, அது ஒன்றைத்தான் நான் சரியாகச் செய்திருக்கிறேன். வாரேன் மச்சான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பின்னால் உட்காருங்கள், வீட்டுக்கு வாருங்கள் என்றும் கூப்பிடவில்லை. அந்தச் சத்தம் மெயின் ரோடு திரும்பித் தேயும்வரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அவனுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன், மீதி உனக்கு. நீ சிரித்திருப்பாய் என்பது இன்றைக்குத் தோன்றியது இல்லை. அந்த முற்றத்தில் கம்பியைத் தளர்த்திக்கொண்டிருந்தபோதே தெரியும். என் கால் வலிக்குதுன்னு வால்வயே கருக்கிட்டான்டா என் மாப்ள என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து உத்தமபாளையம் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். டாக்டர் என்று கூப்பிட்ட அத்தனை பேரும் கூடச் சிரித்திருப்பார்கள். பத்து நாள் தலைகாட்ட முடியாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். உன் கோபத்துக்கு நான் என்றைக்கும் பயந்ததில்லை மாமா. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் உன் தம்பியைக் கொடுத்துவிட்டேன்.

பன்னிரண்டு வருடம் அதைக் கேட்காமல் தப்பித்துவிட்டதாக நினைத்திருந்தேன். இப்போது வேறொன்று கேட்கிறது. கடைசி நோன்பு நாட்களில், மகளிடம் நம்பரை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, மன்னிச்சிட்டேன்டா என்று நீ சொல்கிற குரல். நான் அருகில் இருந்து கேட்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, இனி நான் இருக்கிறவரை கேட்கும். நீ மன்னிக்க வேண்டியவன் நான்கு தெரு தள்ளி இருந்தேன். நீ திருப்பூருக்குப் போன் போட்டாய்.